கிடங்கில் துணி, வாசலில் ஆள்

கொழும்பு 6 என்றால் வெள்ளவத்தை, கொழும்பு 13 என்றால் கொட்டாஞ்சேனை. தமிழர் செறிந்து வாழும் இடங்கள் என்று இன்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். நூறு ஆண்டுக்கு முன் இரண்டின் பிழைப்பும் வேறு வேறு. வெள்ளவத்தையில் ஹவ்லொக் வீதியோரம் நூற்பு நெசவு ஆலை இருந்தது. ஊரார் வாயில் அது வெறும் 'மில்'. கொட்டாஞ்சேனைக்கும் அதை ஒட்டிய கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டல் பக்கங்களுக்கும் சோறு போட்டது துறைமுகம். இரண்டிலும் வேலை செய்தவர்களில் பெரும் பங்கினர் கடல் கடந்து வந்த தமிழரும் மலையாளிகளும். ஆட்சி ஒன்று, நகரம் ஒன்று, அரிசி விலையும் ஒன்று. ஆனாலும் முதலாளி ஆளை வைத்துக்கொண்ட விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த வித்தியாசத்தை முதலாளியின் குணத்தில் தேடுபவர்கள் உண்டு. அது விளைபொருளில் இருக்கிறது என்பது என் கட்சி. துணியைக் கிடங்கில் அடுக்கலாம். கப்பலில் சரக்கு ஏற்றுகிற வேலையை எங்கே அடுக்குவது?

வரப்போகும் தேவையை முன்கூட்டி மதித்து, உற்பத்தி, ஆள்பலம், இருப்பு மூன்றையும் அதற்குப் பொருந்த அமைப்பது எந்தத் தொழிலுக்கும் உள்ள தலைவலி. முகாமைத்துவப் பாடநூல்கள் இதற்கு இரண்டு வழி சொல்லும். ஒன்று சீர்வழி: ஆண்டு முழுவதும் ஒரே அளவு ஆள், ஒரே அளவு உற்பத்தி, விற்பனை மந்தமான மாதங்களில் மிஞ்சுவதைக் கிடங்கில் வைத்து, தீபாவளிக்கும் நத்தாருக்கும் எடுத்து விற்பது. மற்றது துரத்துவழி: தேவை ஏறும்போது ஆளை ஏற்றி, இறங்கும்போது இறக்கி, கையிருப்பே இல்லாமல் ஓட்டுவது. நடைமுறையில் எல்லோரும் இரண்டையும் கலந்துதான் செய்கிறார்கள். மேலதிக நேரம், வெளியே கொடுத்துச் செய்விப்பது, வாடிக்கையாளரைக் காக்க வைப்பது என்று இடைவழிகளும் பல. ஆனால் கொழும்பில் இந்த இரு வழிகளும் ஏறக்குறைய கலப்பில்லாமல், சில மைல் இடைவெளியில், ஒரே காலத்தில் நடந்தன. ஒப்பிட இதைவிட நல்ல சோடி கிடைக்காது.

மில்லை முதலில் எடுப்போம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, தீவின் மிகப் பெரிய நெசவாலையாக வளர்ந்தது அது. பஞ்சுப் பொதியை அவிழ்த்து, தூசி போக்கி, சிக்கெடுத்துப் பட்டையாக்கி, பிறகு கதிர்களில் முறுக்கி நூலாக்கி, தறியில் ஏற்றுவதுவரை ஒன்றன் கையில் ஒன்று கொடுத்துப் போகும் வேலை. நடுவில் ஒரு பிரிவு நின்றால் அதற்கு முன்னால் உள்ளது குவியும், பின்னால் உள்ளது பட்டினி கிடக்கும். நிறுத்திய கதிர்களை மறுபடி ஓட்டும்போது நூல் அறுந்து அறுந்து விழும். அறுந்ததைக் கண நேரத்தில் பிடித்து முறுக்கி ஒட்ட வைக்கும் கைப்பழக்கம் ஒரு வாரத்தில் வருவதில்லை. போதாததற்கு, கதிருக்கும் தறிக்கும் போட்ட பணம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி கேட்கும். இப்படி ஒரு ஆலையை மாதத்துக்கு மாதம் விற்பனைக்கு ஏற்ப ஏற்றி இறக்குவது முதலாளிக்கே கட்டாது. அதனால் சீராக ஓட்டுவதுதான் இயல்பு. ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வேலை கிடங்குக்கு.

கிடங்கும் இலவசமில்லை. வெள்ளவத்தை கடலோரம். உப்புக் காற்றும் ஈரமும் துணிக்குப் பகை. கரையான், பூச்சி, தீ என்று காப்புறுதிக்காரர் கேட்கும் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுக்கியிருக்கும் ஒவ்வொரு கெஜமும் பஞ்சுக்கும் கூலிக்கும் கொடுத்துத் தீர்ந்த காசு, விற்கும்வரை திரும்பாது. ஆனாலும் இந்தச் செலவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது முதலாளியின் கணக்குப் புத்தகத்தில், முதலாளியின் கண்ணெதிரே ஏறும். ஏறுவது தெரிவதால் அவர் யோசிப்பார்.

துறைமுகம் வேறு உலகம். 1875 டிசெம்பரில் அன்றைய வேல்ஸ் இளவரசர் அலைதாங்கிச் சுவருக்குக் கல் நாட்டினார். தென்மேற்குச் சுவர் 1885இல் முடிந்தது. அதுவரை தூரதேசக் கப்பல்கள் நின்று போனது காலித் துறைமுகத்தில். சுவர் எழுந்தபின் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் கொழும்பில் நங்கூரமிடலாம் என்றாயிற்று. சூயஸ் கால்வாய் ஏற்கெனவே 1869இல் திறந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் போகும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி எடுக்கக் கொழும்பில் நின்றன. 1883இல் தேயிலை ஏலம் கொழும்பில் தொடங்கியதும் ஏற்றுமதிக்கு நிரந்தரச் சரக்கும் கிடைத்தது. 1950களில் கப்பல்கள் நேரே கரையோடு அணையும் மேடைகள் வரும்வரை, நடுத்துறையில் நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே பாரப்படகுகளே ஓடின. ஏற்றுவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது என்று ஒவ்வொரு மூட்டையும் பல தோள் மாறியது.

இங்கே தேவையை மதிப்பிடுவது எப்படி? எந்தக் கப்பல் எப்போது வரும் என்று தந்தி முன்கூட்டிச் சொல்லும். ஆனால் கடல் தந்திக்குக் கட்டுப்படாது. இன்றைக்கு மூன்று கப்பல், நாளைக்கு ஒன்றுமில்லை, மறுநாள் ஏழு. நிலக்கரிக் கப்பலுக்கு வேண்டிய ஆள் வேறு, தேயிலைப் பெட்டிக்கு வேண்டிய ஆள் வேறு. கப்பல் காத்து நின்றால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம். ஆக, அதிகபட்சத் தேவைக்குரிய அளவு ஆள் எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். வேலை இல்லாத நாளில் அவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. சரக்கை ஏற்றி இறக்கிய தனியார் இறக்குக் கொம்பனிகள் கண்டுகொண்ட விடை நாட்கூலி.

அந்த ஏற்பாட்டைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். விடியும் முன்னே துறைமுக வாசலில் ஆட்கள் கூடுவார்கள். கங்காணி கண்ணால் அளந்து விரல் நீட்டுவார். பழகிய முகம், கைத்தடிப்பு, நேற்று வாங்கிய கடன், ஊர், சாதி எல்லாமே அந்த விரலை நகர்த்தும். தேர்ந்தவர் உள்ளே போவார். மிஞ்சியவர் மதியம் இன்னொரு கப்பல் வரும் என்ற நப்பாசையில் மர நிழலில் குந்துவார். வேலை கிடைத்தவருக்குக் கிடைத்த நாள் சம்பளம். கிடைக்காதவருக்குக் கிடைத்தது வெயில். மாலையில் இருவரும் திரும்புவது ஒரே தோட்டத்துக்கு. கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமில்லை. பொதுக் குழாயும் பொதுக் கக்கூசும் வைத்து வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகள். அங்கே அரிசியும் பருப்பும் கடைக்காரரின் கடன் கொப்பியில் ஏறும்.

துரத்துவழியில் கையிருப்பே கிடையாது என்று பாடநூல் சொல்வது இங்கேதான் இடிக்கிறது. கையிருப்பு இருந்தது. வாசலில் குந்தியிருந்த அத்தனை பேரும் கையிருப்பு. மில்லின் மிச்சம் துணியாகக் கிடங்கில் அடுக்கி நின்றது. துறைமுகத்தின் மிச்சம் ஆளாக வாசலில் நின்றது. துணியை வைத்திருக்கும் செலவை மில் கட்டியது. ஆளை வைத்திருக்கும் செலவைக் கொட்டாஞ்சேனையின் தோட்டங்களும் சில்லறைக் கடைகளும் கட்டின. அது எந்தக் கொம்பனியின் ஐந்தொகையிலும் ஏறவில்லை. இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். இருப்பு ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, வாடகையை யார் கட்டுகிறார் என்று தேட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளியும். எண்கள் கற்பனை, விளங்கவைக்கத்தான். வெள்ளவத்தையில் ஆயத்த ஆடை தைக்கும் ஒரு சிறு பட்டறை. ஓகஸ்டில் 1,000 உருப்படி விற்கும், செப்டெம்பரில் 1,000, தீபாவளியை ஒட்டி ஒக்டோபரில் 2,200. ஒருவர் மாதத்தில் 100 தைப்பார். இப்போது இருப்பவர் 10 பேர். மொத்தத் தேவை 4,200. சீர்வழியில் 14 பேரை வைத்து மாதம் 1,400 தைக்கலாம்; ஓகஸ்ட் முடிவில் 400, செப்டெம்பர் முடிவில் 800 கையில் மிஞ்சும், ஒக்டோபரில் எல்லாம் தீரும். ஓர் உருப்படியை ஒரு மாதம் வைத்திருக்க 15 ரூபா என்றால் 1,200க்கு 18,000 ரூபா. புதிதாக ஓர் ஆளைச் சேர்த்துப் பழக்க 2,000 ரூபா என்றால் 4 பேருக்கு 8,000. ஆக 26,000. துரத்துவழியில் முதல் இரண்டு மாதம் 10 பேர், ஒக்டோபரில் 22 பேர். கையிருப்புச் செலவு இல்லை; 12 பேரைச் சேர்க்க 24,000. இரண்டு வழியிலும் சம்பளம் ஒன்றுதான்: 42 ஆள்மாதம். துரத்துவழி 2,000 ரூபா மலிவு.

தீபாவளி முடிகிறது, மறுபடி 10 பேர் போதும். ஓர் ஆளை நிறுத்த 1,500 ரூபா செலவு என்று சட்டமோ சங்கமோ வைத்தால், சீர்வழியில் 4 பேருக்கு 6,000 சேர்ந்து 32,000 ஆகும். துரத்துவழியில் 12 பேருக்கு 18,000 சேர்ந்து 42,000. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இன்னொரு தடவை திருப்புவோம். துறைமுக வாசலைப் போல ஆளைச் சேர்க்கவும் செலவில்லை, விலக்கவும் செலவில்லை என்றால் துரத்துவழியின் கூடுதல் செலவு பூச்சியம். சீர்வழிக்கு அந்த 18,000 கையிருப்புச் செலவு அப்படியே நிற்கும். எந்த முதலாளியும் எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. (22 பேருக்கு 22 தையல் மெஷின் வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பஞ்சாலை துரத்துவழியில் போக முடியாததற்கு அதுவே பாதிக் காரணம்.)

இந்தக் கணக்கை முறையான கணிதமாக்கியதில் முன்னோடிகள் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த நால்வர்: ஹோல்ட், மொடிலியானி, மூத், சைமன். 1950களில் ஒரு வர்ணப்பூச்சுத் தொழிற்சாலையின் தரவை வைத்து வேலை செய்து, 1960இல் உற்பத்தி, இருப்பு, ஆள்பலம் மூன்றையும் தலைப்பிலேயே வைத்து நூல் வெளியிட்டார்கள். வழமையான சம்பளம், ஆள் சேர்ப்பும் நீக்கமும், மேலதிக நேரம், இருப்பும் தட்டுப்பாடும் என்று நான்கு வகைச் செலவைக் கூட்டி, மொத்தம் மிகக் குறையும்படி ஒவ்வொரு மாதமும் எவ்வளவு உற்பத்தி, எத்தனை ஆள் என்று சொல்லும் விதி ஒன்றை வருவித்தார்கள். சைமனுக்கு 1978இலும் மொடிலியானிக்கு 1985இலும் பொருளியல் நோபல் கிடைத்தது, வேறு பணிகளுக்காக. அந்த விதி அழகானது. ஆனால் அதில் வருகிற செலவெல்லாம் தொழிற்சாலையின் செலவு. விலக்கப்பட்ட ஆள் அடுத்த மாதம் எதைத் தின்றான் என்பதற்கு அதில் உறுப்பு இல்லை. கணிதத்தின் மீது பழி போட முடியாது. முதலாளி கேட்ட கேள்விக்கு அது விடை சொல்லியது.

அந்த விடுபட்ட உறுப்பைக் கொழும்பில் உள்ளே தள்ளியவை வேலைநிறுத்தங்கள். ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1920களில் அவருடன் சேர்ந்து உழைத்தவர்களில் 'தேசநேசன்' பத்திரிகை நடத்திய கோ. நடேசய்யரும் ஒருவர். 1927இல் துறைமுகம் நின்றது. கப்பல் காத்து நிற்க முடியாது என்ற உண்மை அதுவரை தொழிலாளிக்கு எதிராக வேலை செய்தது. அந்த வேலைநிறுத்தத்தில் அது அவர் கைக்கு ஆயுதமாக மாறியது. துணி ஆலையில் வேலைநிறுத்தம் என்றால் முதலாளி கிடங்கிலிருந்து கொஞ்ச நாள் விற்றுச் சமாளிப்பார். துறைமுகத்துக்கு அந்தத் திண்டு கிடையாது. கிடங்கு முதலாளிக்குப் பருவ மாற்றத்திலிருந்து மட்டுமன்றித் தொழிலாளியிடமிருந்தும் பாதுகாப்பு என்பதை முகாமைத்துவ வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

இதன் மறுபக்கத்தை வெள்ளவத்தை 1933இல் பார்த்தது. உலகப் பொருளாதார மந்தம். யப்பான் துணி மலிவாக வந்து குவிகிறது. யப்பானியத் துணிக்கு பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் ஒதுக்கீட்டு வரம்பு வந்ததே 1934இல்தான். மில் சம்பளத்தைக் குறைத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது குணசிங்க அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். தலைமை தாங்கியவர் இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டே ஆண்டில், 1935இல், அவரும் தோழர்களும் லங்கா சமசமாசக் கட்சியைத் தொடங்கினார்கள். இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொட்டிலில் வெள்ளவத்தை மில்லும் ஒரு கால் என்று சொன்னால் மிகையில்லை.

ஒப்பாய்வுக்கு வேண்டியது அந்த வேலைநிறுத்தத்தின் காரணம். சீர்வழி பருவ இறக்கத்தைத் தாங்கும். இன்றைக்கு விற்காதது தீபாவளிக்கு விற்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிற ஏற்பாடு அது. சந்தையே இறங்கிவிட்டால், இனித் திரும்பாது என்றால், கிடங்கு நிறைந்துகொண்டே போகும். அப்போது ஆளைக் குறைக்க வேண்டும், அல்லது நேரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கூலியை வெட்ட வேண்டும். கிடங்கு சுமந்த பாரத்தை ஒரே நாளில் இறக்கித் தொழிலாளியின் தலையில் வைப்பதுதான் கூலிவெட்டு. துறைமுகத் தொழிலாளி ஒவ்வொரு விடியலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டதை மில் தொழிலாளி மொத்தமாகப் பட்டார். ஒரே வித்தியாசம், அவரால் அன்று சங்கமாகச் சேர்ந்து நிற்க முடிந்தது. நாள்தோறும் ஒரே தறியருகே நிற்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தோழர். வாசலில் விரலுக்குக் காத்திருப்பவருக்குப் பக்கத்தில் நிற்பவர் போட்டியாளர். 1927இல் துறைமுகத்தார் அதையும் மீறிச் சேர்ந்தது சாதாரண சாதனையில்லை.

கொட்டாஞ்சேனை வாசலுக்குப் பின்னால் இன்னொரு வாசல் இருந்ததையும் சொல்ல வேண்டும். அது தூத்துக்குடி. கொழும்பில் ஆள் குறைந்தால் கப்பலில் வருவார்கள். மிஞ்சினால் கப்பலில் அனுப்பலாம். திருநெல்வேலி, இராமநாதபுரம் ஊர்கள் கொழும்புத் துறைமுகத்தின் ஆள் சேமிப்பிடமாக இருந்தன. துரத்துவழி இவ்வளவு காலம் இவ்வளவு மலிவாக ஓடியதன் இரகசியம் அதுவே. 1939இல் இலங்கை அரசு தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியர்களை, 1934 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, விலக்க முடிவெடுத்தது. யூலையில் நேரு கொழும்புக்கு வந்து பேசினார், பலனில்லை. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு ஓகஸ்ட் 1 முதல் தடை செய்தது. வேலையிலிருந்து முதலில் இறக்கப்படுபவர் யார் என்பதைச் செலவுக் கணக்கு தீர்மானிப்பதாகத் தோன்றும். 1939இல் தீர்மானித்தது இந்தியர் என்ற அடையாளம்தான்.

வெளியுலகம் இதே முடிச்சை எப்படி அவிழ்த்தது என்று ஒரு பார்வை. 1889இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டார்கள் என்பது பலருக்குத் தெரியும். கூடவே, கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கான கூலி என்றும் கேட்டார்கள். காத்திருக்கும் செலவில் ஒரு பங்கைக் கொம்பனியின் புத்தகத்துக்கு மாற்றும் முயற்சி அது. பிரித்தானியாவில் 1947இல் துறைமுகத் தொழிலாளர் பதிவுத் திட்டம் வந்தது, 1989வரை நீடித்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பம்பாய், சென்னை போன்ற துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. பதிவுபெற்ற ஆள் வந்து நின்று வேலை கிடைக்காவிட்டாலும் வருகைப்படி உண்டு. ஒரு கொம்பனிக்கு ஆள் வேண்டாத நாளில் இன்னொன்றுக்கு வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொகுப்பாக வைத்தால் மொத்த ஏற்ற இறக்கம் தணியும். இது நல்ல முகாமைத்துவம், நல்ல நியாயமும்கூட.

இலங்கை தேசியமயத்தின் வழியே போனது. 1958 ஓகஸ்டில் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் வந்து சரக்கு வேலையைத் தனியார் இறக்குக் கொம்பனிகளிடமிருந்து எடுத்தது. 1979 ஓகஸ்டில் துறைமுக அதிகாரசபை. கங்காணியின் விரல் போய் மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் வந்தன. ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் அதே 1958ஐச் சேர்ந்தது: இன்று தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் பலவற்றில் முதல் ஓய்வுக்காலப் பணம் அந்த நிதியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். சரக்கு இல்லாத நாளின் செலவு கூட்டுத்தாபனத்தின் புத்தகத்தில் ஏறியது. அதைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறையும் அதோடு வந்தது. பிறகு கொள்கலன் வந்தது. 1956இல் அமெரிக்காவில் 58 பெட்டிகளோடு புறப்பட்ட ஒரு கப்பல் தொடக்கிவைத்த மாற்றம் 1980களில் கொழும்புக்கு முழுதாக வந்து சேர்ந்தது. இன்று இத்துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சம் இருபதடிப் பெட்டிகளுக்கு மேல் கையாள்கிறது. நூறு தோள் வேலையை ஒரு பாரந்தூக்கி செய்கிறது. இப்போது நடுவில் அடுக்கி நிற்பது ஆளில்லை, பெட்டி. துறைமுகம் ஒருவகையில் மில்லாகிவிட்டது: விலைகூடிய இயந்திரம், அதை எந்நேரமும் ஓட்ட வேண்டிய நெருக்கம், ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஒரு முற்றம்.

மில் நிலைக்கவில்லை. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாகத் திறந்தபோது உள்ளூர் நெசவின் பெரும்பகுதி தாங்கவில்லை. வெள்ளவத்தை ஆலை இருந்த நிலத்தில் இப்போது ஹவ்லொக் சிற்றி என்ற அடுக்குமாடித் தொகுதி நிற்கிறது. சீர்வழி தோற்றதற்கு அத்தாட்சியாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். எந்தக் கிடங்கும் ஒரு கொள்கை மாற்றத்தைத் தாங்குமளவு பெரிதாகக் கட்டப்படுவதில்லை.

மில்லுக்குப் பின் வந்த ஆடைத் தொழிலோ முழுக்கத் துரத்துவழி. அமெரிக்க, ஐரோப்பிய வாங்குபவரின் ஓடர் வந்தபின்தான் துணி வெட்டுகிறார்கள். எடுத்து வைக்க ஒன்றுமில்லை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஒழுக்காற்றுக் காரணமல்லாத வேலைநீக்கம் கூடாது என்கிறது. எனது கற்பனைக் கணக்கின் 1,500 ரூபா என்ற வரி இங்கே உண்மையாகிறது. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்று இன்னொரு வரி சேர்த்தது. இந்த வரிகள் முதலாளியைச் சீர்வழிக்குத் திருப்பும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். சிலர் திரும்பியிருக்கலாம். மற்றவர்கள் வேறு கதவு கண்டுபிடித்தார்கள். 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்குத்தான் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு. 180ஐ எட்டவிடாமல் ஆளை மாற்றுவது ஒரு வழி. 'மேன்பவர்' இன்னொரு வழி.

மேன்பவர் என்றால் இன்று யாருக்கும் விளக்கம் வேண்டாம். காலையில் வான் வந்து நிற்கும்; இன்றைக்கு இந்த ஃபக்டரி, நாளைக்கு அந்த ஸ்டோர்ஸ். நாட்கணக்கில் சம்பளம், அதில் ஏஜன்சிக்கு ஒரு வெட்டு. வேலை இல்லாத நாளில் வான் வராது, அவ்வளவுதான். கங்காணியின் விரல் இப்போது வாட்ஸ்அப் செய்தியாக வருகிறது. கொட்டாஞ்சேனை வாசலில் 1958இல் மூடிய கணக்கை நாடு முழுவதும் மறுபடி திறந்துவிட்டோம்.

இரண்டில் எது மேல் என்று கேட்பவருக்கு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சேமித்து வைக்கக்கூடிய பொருளைச் செய்பவருக்கு மில்லின் வழியே மேல், கிடங்கு நிறையும் முன் ஆளோடு பேசத் தயாராக இருந்தால். 1933இல் கூலிவெட்டுக்குப் பதிலாக வாரத்துக்கு இரண்டு நாள் குறைத்து ஓட்டுவோமா என்று கூடிப் பேசியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். சேமிக்க முடியாத வேலைக்கு, அது துறைமுகமோ மண்டபச் சமையலோ கல்யாணப் பிளவுஸ் தையலோ, துரத்துவழி தவிர்க்க முடியாது. அங்கே கேள்வி பொதுத் தொகுப்பா வாசல் கூட்டமா என்பதே. காலி வீதியில் பிளவுஸ் தைக்கும் கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஓடர் எடுப்பதை நிறுத்தி, மிஞ்சுவதைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பி, தன்னிடம் வேலை குறைந்த மாதத்தில் அங்கிருந்து வாங்குகிறார். தொழிலாளர் வாரியம் செய்ததை இரண்டு கடைகள் தமக்குள் செய்கின்றன.

இந்த நகரத்தில் பட்டறையோ பேக்கரியோ களஞ்சியமோ நடத்தும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் தீபாவளிக்கோ நத்தாருக்கோ திட்டம் போடும்போது சம்பளம், மேலதிக நேரம், இருப்பு, ஆள் சேர்ப்பு என்று எழுதுகிற தாளில் இன்னொரு வரியும் எழுதுங்கள்: கூப்பிடுகிற ஆளுக்கு நாம் வேலை கொடுக்காத நாட்கள் எத்தனை, அந்த நாட்களை யார் கட்டுகிறார். அந்த வரிக்கு நேரே ஒரு தொகை போட்டபின் மேன்பவர் இன்னும் மலிவாகத் தெரிந்தால் எடுங்கள். பெரும்பாலும் தெரியாது.